ஃபைல் கண் முன்னே இருக்கிறது, ஃப்ளோ "இல்லை" என்கிறது: பவர் ஆட்டோமேட்டில் எங்கெங்கே பார்க்க வேண்டும்

"தம்பி, ஃபைல் என் கண்ணு முன்னாடி இருக்கு, உங்க ஃப்ளோதான் இல்லங்குது."

பெங்களூரு பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அக்கா மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி போன் செய்வார், பெரும்பாலும் 10ஆம் தேதி சாயங்காலம். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் அந்த மாத இன்வாய்ஸ் பிடிஎஃப் எல்லாம் ஷேர்பாயிண்ட் லைப்ரரியில் (அலுவலக ஃபைல்களைச் சர்வரில் சேர்த்துவைக்கும் இடத்தில்) சேர்ந்துவிட்டதா என்று ஒரு பவர் ஆட்டோமேட் ஃப்ளோ (தானாக ஓடும்படி அமைத்த வேலை வரிசை) ஒவ்வொன்றாகப் பார்த்து, இல்லாதவற்றைப் பட்டியல் போட்டு அவருக்கு மெயில் அனுப்பும். பட்டியல் தப்பாக வந்தால் அவர் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்துவிட்டு, மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி அல்சூர் வீட்டுக்குப் போய்ச் சேர பத்து மணி ஆகிவிடும். அதனால் இந்தப் பழுது வரும்போதெல்லாம் எங்கே இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதி வைத்துக்கொண்டே வந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்து வரும் சின்னப் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதைத் தொடுவதற்கும் முன்: இது எந்த "இல்லை"?

ஃப்ளோ சொல்லும் "இல்லை"யில் இரண்டு வகை இருக்கிறது. "போய்ப் பார்த்தேன், அங்கே இல்லை" என்பது ஒன்று. "என்னால் போய்ப் பார்க்கவே முடியவில்லை" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் ஃப்ளோதான் நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். வேறொருவர் செய்து என் கைக்கு வந்த ஒரு ஃப்ளோ, ஃபைலைத் தேடும் படியான ஆக்‌ஷன் தோற்றுச் சிவப்பானாலே ஃபைல் இல்லை என்று முடிவுகட்டி, புதிதாக ஒரு இன்வாய்ஸ் உருவாக்கி வாடிக்கையாளருக்கு மெயிலும் அனுப்பிவிடும். ஒருநாள் கனெக்‌ஷன் (ஃப்ளோ ஷேர்பாயிண்டுக்குள் நுழையும் அக்கவுண்ட் இணைப்பு) அறுந்துபோனபோது, ஏற்கனவே அனுப்பி முடித்த இன்வாய்ஸ்கள் எல்லாம் இரண்டாவது முறை போய்விட்டன. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஃப்ளோ ஓடிய ஒவ்வொரு முறையையும் காட்டும் ரன் ஹிஸ்டரியைத் திறந்து, தவறாகப் பேசிய அந்த ஒரு ரன்னுக்குள் போய், ஃபைலைத் தேடும் ஆக்‌ஷனைச் சொடுக்குங்கள். அவுட்புட் பகுதியில் ஸ்டேட்டஸ் கோட் என்று ஓர் எண் இருக்கும்.

404 என்றால் நீங்கள் கொடுத்த பாதையில் போய்ப் பார்த்தது, அந்தப் பாதையில் ஒன்றும் இல்லை. ஃபைல் வேறு எங்காவது இருக்கலாம், அது வேறு விஷயம். 400 என்றால் நீங்கள் கேட்ட விதத்தில் பிழை, பெரும்பாலும் ஃபில்டர் க்வெரியில் (எதைத் தேட வேண்டும் என்று எழுதும் வரியில்) ஒரு மேற்கோள் குறி. 401, 403 இரண்டும் அனுமதி, உள்நுழைவு சம்பந்தப்பட்டவை. 429 என்றால் குறைந்த நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டிருக்கிறீர்கள். 500 அல்லது அதற்கு மேல் எது வந்தாலும் பிரச்சினை எதிர்ப்பக்கம், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஆக்‌ஷன் பச்சையாக முடிந்து, உள்ளே பட்டியல் மட்டும் காலியாக இருந்தால் அடுத்த தலைப்பு உங்களுக்குத்தான்.

## ஃபைல் இருக்கிறது, ஃப்ளோ "இல்லை" என்கிறது

அதிகமாக வருவது இதுதான். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போங்கள்.

### ஃபைல் உண்மையிலேயே சர்வரில் இருக்கிறதா?

அக்கா தன் லேப்டாப்பில், எக்ஸ்ப்ளோரர் ஜன்னலில் பார்க்கிறார். ஃப்ளோ ஷேர்பாயிண்டில் பார்க்கிறது. நடுவில், லேப்டாப்பில் இருக்கும் ஃபைலைச் சர்வருக்கு ஏற்றும் ஒன்டிரைவ் சிங்க் என்று ஒன்று இருக்கிறது. அலுவலக இணையம் போய், போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால், அளவிட்ட இணைப்பு என்று விண்டோஸ் குறித்துவைத்திருக்கும் பட்சத்தில் ஒன்டிரைவ் தானாகவே சிங்கை நிறுத்திவைக்கும். பேட்டரி சேவர் ஓடும்போதும் அப்படித்தான். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் நீல நிறச் சுழல் அம்புகளோ சிவப்புப் பெருக்கல் குறியோ இருந்தால் அது இன்னும் மேலே ஏறவில்லை.

இதற்கு ஒரே ஒரு சோதனை போதும். ஃப்ளோவின் கனெக்‌ஷன் எந்த அக்கவுண்டில் இருக்கிறதோ அதே அக்கவுண்டில் பிரவுசரில் உள்நுழைந்து, அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் அக்கவுண்டிலோ, ஃபைலைப் போட்டவரின் அக்கவுண்டிலோ பார்ப்பதில் பயனே இல்லை. ஃப்ளோ யார் கண்ணால் பார்க்கிறதோ அவர் கண்ணால் நாமும் பார்க்க வேண்டும். சிங்க், செக்-அவுட், அனுமதி மூன்றையும் இந்த ஒரே சோதனை பிரித்துக் காட்டிவிடும். இதில் ஃபைல் தெரிகிறதென்றால் கோளாறு பெயரிலோ பாதையிலோ லைப்ரரியின் அளவிலோ இருக்கிறது. தெரியவில்லை என்றால் பெயரை நோண்டிக்கொண்டிருக்காமல் கீழே செக்-அவுட் பகுதிக்குப் போய்விடுங்கள்.

### பெயர்

விண்டோஸ் சாதாரணமாக எக்ஸ்டென்ஷனை மறைத்தே காட்டும். அதனால் ஒருவர் பெயர் மாற்றும்போது கையால் .பிடிஎஃப் என்று தட்டச்சு செய்துவிட்டால், உள்ளே .பிடிஎஃப்.பிடிஎஃப் என்று இரண்டு முறை நிற்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் உடனே தெரியும்.

அடுத்தது இன்வாய்ஸ் எண். ஜிஎஸ்டி விதி 46 இன்வாய்ஸ் எண்ணுக்கு 16 எழுத்து வரை அனுமதிக்கிறது, அதில் சாய்கோடும் சிறுகோடும் வரலாம். ஆனால் ஃபைல் பெயரில் சாய்கோடு வரவே முடியாது. எனவே எக்செலில் 25-26/0113 என்று இருப்பதை ஃபைலாகச் சேமிக்கும்போது ஒருவர் சிறுகோடு போடுவார், இன்னொருவர் அடிக்கோடு போடுவார், மூன்றாமவர் இடைவெளி விட்டுவிடுவார். ஃப்ளோவோ எக்செலில் இருப்பதை அப்படியே எடுத்து பாதையில் சேர்க்கும், சாய்கோட்டைப் பார்த்ததும் 25-26 என்பதை ஒரு ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் 404. ரிப்ளேஸ் ஃபங்ஷன் போட்டு சாய்கோட்டை அடிக்கோடாக மாற்றுங்கள். கூடவே, "எல்லோரும் அடிக்கோடு மட்டும்தான்" என்று கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பேச்சு நடக்காமல் ரிப்ளேஸ் மட்டும் போட்டால் அடுத்த மாதம் இதே பழுது திரும்பி வரும்.

பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிக்கு ட்ரிம். வேர்டிலிருந்து காப்பி செய்த பெயரில் சிறுகோடு நீளக்கோடாக மாறியிருக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அந்தக் கோட்டை அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். பெயருக்குள் ஒற்றை மேற்கோள் இருந்தால் ஃபில்டர் க்வெரியில் அதை இரண்டாகப் போட வேண்டும், இல்லையென்றால் 400 வரும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை ஷேர்பாயிண்ட் பாதையில் கண்டுகொள்ளாது. ஆனால் கண்டிஷனில் நீங்களே இரண்டு பெயர்களை ஈக்வல்ஸ் போட்டு ஒப்பிட்டால் அங்கே வித்தியாசம் உண்டு, அதனால் இரண்டு பக்கமும் டூலோயர் போட்டுவிடுங்கள்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களுக்கு மட்டும் ஒரு தனிக் காரணம் இருக்கிறது, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு குடியிருப்பின் பொங்கல் நன்கொடைக் கணக்கை ஃப்ளோவில் போட்டுக் கொடுத்தேன். ஃபைலின் பெயர் "பொங்கல்". திரையில் இரண்டு பெயரும் ஒரே மாதிரிதான் இருந்தன, ஃப்ளோ மட்டும் இல்லை என்றே சொன்னது. யூனிகோடில் "பொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ப-வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்றாகச் சேர்வது ஒரு விதம். ப-வோடு எகரக் கொம்பும் அதற்குப் பிறகு தனியாகக் காலும் சேர்வது இன்னொரு விதம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்று உயிர்மெய்யிலும் இது வரும். சோதிப்பதற்கு, லெங்த் ஃபங்ஷனுக்குள் இரண்டு பெயரையும் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள், ஒன்றின் நீளம் கூடுதலாக வந்தால் இதுதான் காரணம். எக்செலில் இருக்கும் பெயரை லைப்ரரியிலிருந்தே காப்பி செய்து ஒட்டிவிட்டால் முடிந்தது. தமிழ்ப் பெயரே வைக்காதீர்கள் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், இந்த ஒன்றைத் தவிர தமிழ்ப் பெயர்களால் எனக்கு வேறு தொந்தரவு வந்ததில்லை.

### பாதை

லைப்ரரியின் பெயர் திரையில் டாக்குமென்ட்ஸ் என்று இருக்கும், பாதையில் அது ஷேர்டு டாக்குமென்ட்ஸ். லைப்ரரியின் பெயரைப் பின்னால் மாற்றினாலும் முகவரியில் பழைய பெயரே நிற்கும். ஃபோல்டர் அப்படியில்லை, பெயரை மாற்றினால் பாதையும் கூடவே மாறிவிடும். ஊகித்து எழுதாதீர்கள். பாதையைக் கொடுத்து ஃபைலின் விவரத்தைக் கேட்கும் கெட் ஃபைல் மெட்டாடேட்டா யூசிங் பாத் ஆக்‌ஷனில் பாதைப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் ஃபோல்டர் குறியைச் சொடுக்கி, அதே ஃபோல்டரில் இருக்கும் வேறொரு ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் விழும் பாதையைப் பார்த்து உங்களுடையதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

ஏப்ரல் 1ஆம் தேதி காலையில் எல்லா ஃபைலுக்கும் மொத்தமாக 404 வந்தால் பதற வேண்டாம். நிதியாண்டு மாறிவிட்டது, 2025-26 என்ற ஃபோல்டரை ஃப்ளோ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது, அல்லது புது ஃபோல்டரை யாரும் இன்னும் உருவாக்கவில்லை. இதனால்தான் நான் ஃபைலைத் தேடுவதற்கு முன் கெட் ஃபோல்டர் மெட்டாடேட்டா யூசிங் பாத் போட்டு ஃபோல்டர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன். ஃபோல்டரே இல்லையென்றால் இருநூறு ஃபைல் இல்லை என்று மெயில் அனுப்பக் கூடாது, ஃபோல்டர் இல்லை என்று ஒரு மெயில் போதும்.

### செக்-அவுட்

ஃபைலைப் போட்டவருக்கு மட்டும் தெரிகிறது, பிரவுசரிலேயே மற்ற யாருக்கும் தெரியவில்லை என்றால் ஏறக்குறைய இதுதான். லைப்ரரியில் செக்-அவுட் (ஃபைலை ஒருவர் தன் பெயரில் பூட்டி வைத்து, முடித்ததும் செக்-இன் செய்து விடுவிப்பது) கட்டாயம் என்று வைத்திருந்தால், புதிதாக ஏற்றிய ஃபைல் முதல் முறை செக்-இன் ஆகும் வரை அவருக்கு மட்டுமே தெரியும். கட்டாயமாக நிரப்ப வேண்டிய நெடுவரிசை ஏதாவது காலியாக இருந்தாலும் இதே நிலைமை வரலாம். அவரிடம் சொல்லி செக்-இன் செய்யச் சொல்லுங்கள். அவர் விடுப்பில் இருந்தால், லைப்ரரி செட்டிங்ஸில் மேனேஜ் ஃபைல்ஸ் விச் ஹேவ் நோ செக்ட் இன் வெர்ஷன் என்ற இடத்தில் சைட் ஓனர் அந்த ஃபைலைத் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டு செக்-இன் செய்யலாம். ஓனர் நீங்கள் இல்லையென்றால் ஓனரைக் கூப்பிடும் இடம் இதுதான்.

### ஐயாயிரத்தைத் தாண்டிய லைப்ரரி

லைப்ரரியின் ஃபைல் பட்டியலை எடுக்கும் கெட் ஃபைல்ஸ் ப்ராப்பர்டீஸ் ஒன்லி ஆக்‌ஷனில் ஃபைல் பெயரைக் குறிக்கும் ஃபைல்லீஃப்ரெஃப் என்ற உள்பெயரை வைத்து ஃபில்டர் செய்பவர்களுக்கு இது. இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடிய ஃப்ளோ ஒருநாள் திடீரென்று "இல்லை" என்று சொல்ல ஆரம்பிக்கும், அதுவும் பச்சையாக முடிந்து, எந்தப் பிழையும் காட்டாமல். லைப்ரரியில் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று பாருங்கள். 5,000ஐத் தாண்டியிருந்தால், ஃபில்டர் முதல் 5,000 உருப்படிக்குள் மட்டும் தேடிவிட்டு, அதற்குள் பொருந்துவது எதுவும் இல்லையென்றால் காலிப் பட்டியலைத் திருப்பித் தரலாம். ஆக்‌ஷனின் செட்டிங்ஸில் பேஜினேஷனை (பக்கம் பக்கமாகத் தொடர்ந்து எடுப்பதை) இயக்கினால் அதற்கு அப்பாலும் தேடும். ஃபில்டரே போடாமல் எல்லாவற்றையும் எடுத்துப் பிறகு ஃபில்டர் அரே போடுபவர்களுக்கு இன்னும் முன்னாலேயே தலைவலி தொடங்கிவிடும், பேஜினேஷன் இல்லாதபோது அந்த ஆக்‌ஷன் தருவது 100 உருப்படிதான்.

பேஜினேஷனில் எவ்வளவு வரை போகலாம் என்பது லைசென்ஸைப் பொறுத்தது. ஆபீஸ் லைசென்ஸோடு சேர்ந்து வரும் பவர் ஆட்டோமேட்டில் 5,000 வரை, பிரீமியத்தில் 1,00,000 வரை. இதைப் பார்த்ததும் பிரீமியம் வாங்க ஓட வேண்டாம். ஃபைல் எந்தப் பாதையில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்றால், பட்டியல் எடுப்பதை விட்டுவிட்டு கெட் ஃபைல் மெட்டாடேட்டா யூசிங் பாத்துக்கு மாறுங்கள். லைப்ரரி எவ்வளவு பெரிதானாலும் அது நேராக அந்த ஒரு பாதைக்குத்தான் போகும். பீன்யாவில் அப்படித்தான் மாற்றினேன், ஒரு ரூபாய் செலவில்லை.

### அனுமதி

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் கடைசியில் இது. அனுமதி இல்லாத ஃபைலை, பட்டியல் எடுக்கும் ஆக்‌ஷன் பிழை காட்டாமல் ஓசைப்படாமல் விட்டுவிடும். அந்த அக்கவுண்டுக்கு அந்த ஃபைலே உலகில் இல்லாத மாதிரி. ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தனி அனுமதி வைத்திருக்கும் இடங்களில், சம்பளக் கணக்கு ஃபோல்டர் மாதிரி, இதை எதிர்பார்க்கலாம். இதை நீங்களே சரிசெய்யப் போகாதீர்கள். அனுமதியை யாருக்குக் கொடுப்பது என்பது ஐடி நிர்வாகியும் அந்த ஃபோல்டரின் பொறுப்பாளரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

## ஃபைல் இல்லை, ஃப்ளோ "இருக்கிறது" என்கிறது

கெட் ஃபைல்ஸ் ஆக்‌ஷனின் வேல்யூவை எடுத்து "நல் இல்லை", அதாவது "மதிப்பே இல்லாத நிலை அல்ல" என்று கண்டிஷன் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒன்றும் கிடைக்காதபோது வருவது காலிப் பட்டியல், அது நல் ஆகாது, அதனால் உங்கள் கண்டிஷன் என்றைக்கும் ஆம் என்றே சொல்லும். லெங்த் ஃபங்ஷனுக்குள் அந்த வேல்யூவை வைத்து, பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று கேளுங்கள்.

அது சரியாக இருந்தால், கிடைத்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ரன் ஹிஸ்டரியில் பாருங்கள். லிமிட் என்ட்ரீஸ் டு ஃபோல்டர் பெட்டியைக் காலியாக விட்டிருந்தால் லைப்ரரி முழுக்கத் தேடும், இன்வாய்ஸ் எண் வருஷா வருஷம் 0001லிருந்து மறுபடி தொடங்கும் நிறுவனத்தில் போன வருஷத்து 0113ஐக் கண்டுபிடித்து இருக்கிறது என்று சொல்லிவிடும். ஃபோல்டரைக் குறிப்பிடுங்கள். அதைவிட நல்லது, ஃபைல் பெயரிலேயே நிதியாண்டைச் சேர்ப்பது.

பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று ஓடும் அப்ளை டு ஈச்சுக்குள் வேரியபிள் வைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. முதல் ஃபைலுக்கு ஆம் என்று மாற்றியதை இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில் இல்லை என்று திருப்பி வைக்காவிட்டால், அதற்குப் பிறகு எல்லாமே ஆம்தான். கன்கரன்சியையும் இயக்கியிருந்தால் பல சுற்றுகள் ஒரே நேரத்தில் அந்த ஒரே வேரியபிளை மாற்றிக்கொண்டிருக்கும், பதில் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். கன்கரன்சியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஃபைல் இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை என்ற நிலையும் எனக்கு வந்திருக்கிறது. மெட்டாடேட்டாவில் சைஸ் பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று கூடவே கேட்டுவிடுங்கள்.

## ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை

ஃப்ளோ பச்சையாக முடிகிறது, மெயில் வரவில்லை, எதுவும் நடக்கவில்லை. இதைப் பார்த்துக் குழம்பிப்போய் எனக்கு எழுதுபவர்கள் நிறைய. கண்டிஷன் பெட்டியில் கெட் ஃபைல்ஸிலிருந்து ஐடியையோ பெயரையோ நேராக இழுத்துப் போட்டிருப்பீர்கள். அப்படிச் செய்த உடனே அந்தக் கண்டிஷனைச் சுற்றி ஓர் அப்ளை டு ஈச் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பட்டியல் காலியாக இருந்தால் அந்தச் சுற்று ஒருமுறைகூட ஓடாது, ஆக "இல்லை" கிளைக்குப் போகும் வாய்ப்பே கிடையாது. கண்டிஷனை அந்தச் சுற்றுக்கு வெளியே எடுத்து வந்து லெங்த்தை வைத்துக் கேளுங்கள்.

## ஃபைல் இல்லாத நாளில் ஃப்ளோவே சிவப்பாகி நின்றுவிடுகிறது

கெட் ஃபைல் மெட்டாடேட்டா யூசிங் பாத் ஃபைல் இல்லாதபோது 404 கொடுத்துத் தோற்கும். அது அப்படித்தான், அதை வைத்துத்தான் நாம் கண்டுபிடிக்கிறோம். அடுத்த ஆக்‌ஷனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கண்டிஷனில் ரன் ஆஃப்டர் அமைப்பைத் திறந்து, இஸ் சக்சஸ்ஃபுல், ஹேஸ் ஃபெயில்டு இரண்டையும் டிக் செய்யுங்கள். புது டிசைனரில் இது செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது, பழையதில் மூன்று புள்ளி மெனுவில். அப்புறம் கண்டிஷனில் அவுட்புட்ஸ் ஃபங்ஷனுக்குள் அந்த ஆக்‌ஷனின் பெயரைக் கொடுத்து ஸ்டேட்டஸ்கோட் மதிப்பை எடுங்கள். ஸ்டேட்டஸும் கோடும் இடைவெளியில்லாமல் ஒரே சொல், கோடின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. ஆக்‌ஷன் பெயரில் இடைவெளி இருக்கும் இடத்திலெல்லாம் அடிக்கோடு. பிறகு எப்போதாவது ஆக்‌ஷனுக்கு வேறு பெயர் வைத்தால், கையால் எழுதிய இந்த வரியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், 200 என்றால் இருக்கிறது, மற்றதெல்லாம் இல்லை என்று. தயவுசெய்து மூன்றாகப் பிரியுங்கள். 200 என்றால் இருக்கிறது. 404 என்றால் அந்தப் பாதையில் இல்லை. இரண்டும் அல்லாத எதுவாக இருந்தாலும், உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிவிட்டு டெர்மினேட் ஆக்‌ஷனை ஃபெயில்டு என்று போட்டு ஃப்ளோவை நிறுத்துங்கள். வாடிக்கையாளருக்கு இரண்டாவது முறை இன்வாய்ஸ் போன அந்த ஃப்ளோவில் இல்லாமல் போனது இந்த மூன்றாவது கிளைதான். ஸ்விட்ச் ஆக்‌ஷனில் இதைப் போட்டால் பார்ப்பதற்கும் தெளிவாக இருக்கும்.

இதைச் சரிசெய்யாமல் தினமும் சிவப்பாகவே விட்டுவைத்தாலும் ஆபத்துதான். தொடர்ந்து 14 நாள் தோற்றுக்கொண்டே இருக்கும் ஃப்ளோ தானாக அணைக்கப்படும்.

## பகலில் சரி, விடியற்காலையில் தவறு

ஃபைல் பெயரிலோ ஃபோல்டர் பெயரிலோ தேதி இருந்தால் இதைப் படியுங்கள், இல்லையென்றால் தாண்டிப் போகலாம். யூடிசிநவ் தருவது நம் நேரமில்லை, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் நேரம். 11ஆம் தேதி காலை 5 மணிக்கு ஓடும் ஃப்ளோவுக்கு அது இன்னும் 10ஆம் தேதி இரவு 11:30. நேற்றைய ஃபைலைத் தேடிவிட்டு இல்லை என்கிறது. நீங்கள் 9 மணிக்கு அலுவலகம் வந்து சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் காலை 5:30க்குப் பிறகு இரண்டு தேதியும் ஒன்றாகிவிடும். கன்வர்ட் டைம்சோன் ஃபங்ஷனில் இந்தியா ஸ்டாண்டர்டு டைம் என்று கொடுங்கள். ஆட்ஹவர்ஸில் ஐந்தரை கொடுக்க முடியாது, அது முழு எண்ணைத்தான் ஏற்கும். ரிக்கரன்ஸ் ட்ரிக்கரிலும் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் பெங்களூரு என்று தேடினால் கிடைக்காது, சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்று இருப்பதே நம்முடையது.

தேதி வடிவத்தில் மாதத்துக்கு இரண்டு பெரிய எம். சிறிய எம் போட்டால் அது நிமிடம். ஏப்ரலில் 10:04க்கு ஓடினால் ஃபைலைக் கண்டுபிடிக்கும், 10:05க்கு ஓடினால் இல்லை என்று சொல்லும். இந்த ஒரு எழுத்துக்காக ஒயிட்ஃபீல்டில் ஒரு குழு இரண்டு நாள் சர்வரைச் சந்தேகித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## ஒருமுறை இருக்கிறது, அடுத்த முறை இல்லை

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். இன்னொரு ஃப்ளோவோ ஒரு மனிதரோ ஃபைலை இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இது தேடப் போயிருக்கும். ரன் தொடங்கிய நேரத்தையும் ஃபைலின் கிரியேட்டட் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் இருந்தால் இதுவே. டூ அன்டில் போட்டு, உள்ளே இரண்டு நிமிட டிலே வைத்து, ஃபைல் வரும் வரை தேடச் சொல்லுங்கள். டூ அன்டில் தானாகவே 60 சுற்று அல்லது ஒரு மணி நேரம் என்ற எல்லையோடு வரும். இரண்டு நிமிட டிலே வைத்தால் 30 சுற்றுக்குள்ளேயே அந்த ஒரு மணி நேரம் முடிந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். எல்லையைத் தொட்டு வெளியே வந்ததா, ஃபைல் கிடைத்து வந்ததா என்று டூ அன்டிலுக்குப் பிறகு மறுபடி ஒரு கண்டிஷன் தேவை.

429 கண்ணில் பட்டால் ஒரே சமயத்தில் நிறையக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். அப்ளை டு ஈச்சின் கன்கரன்சியைக் குறையுங்கள், அல்லது ஃபைல் ஃபைலாகக் கேட்காமல் ஒரு ஃபோல்டரின் பட்டியலை ஒரே முறை எடுத்து அதற்குள் தேடுங்கள்.

## டெஸ்க்டாப் ஃப்ளோவில் மட்டும் கிடைக்கவில்லை

டெஸ்க்டாப் ஃப்ளோ என்பது ஒரு கணினியிலேயே ஓடுவது. அதில் இஃப் ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ் ஆக்‌ஷன் உங்கள் கையில் ஓடும்போது சரி, அன்அட்டெண்டட் ஆக (ஆள் இல்லாமல் தானாக) ஓடும்போது தவறு என்றால் இசட் மாதிரி எழுத்து கொடுத்த நெட்வொர்க் டிரைவைச் சந்தேகப்படுங்கள். அந்த எழுத்து உங்கள் லாகினுக்கு மட்டும் மேப் செய்யப்பட்டிருக்கும், ஃப்ளோ உள்நுழையும் வேறொரு லாகினுக்கு இசட் என்று ஒன்றே கிடையாது. இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இதே மாதிரிதான், பாதைக்குள் பயனர் பெயர் இருக்கும்.

குரோம் இறக்கிக்கொண்டிருக்கும் ஃபைலுக்குக் கடைசியில் சிஆர்டவுன்லோட் என்று ஒட்டியிருக்கும், முடிந்த பிறகே உண்மையான பெயர் வரும். வெயிட் ஃபார் ஃபைல் ஆக்‌ஷனை முன்னால் போடுங்கள். ஃபைல் பெயரில் "ஜிஎஸ்டி 18%" என்பது மாதிரி சதவீதக் குறி இருந்தால் அதை இரண்டு முறை எழுத வேண்டும், டெஸ்க்டாப் ஃப்ளோவில் அந்தக் குறி வேரியபிளுக்கு உரியது.

## நிர்வாகியைக் கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை

401 அல்லது 403 தொடர்ந்து வருகிறது, கனெக்‌ஷன் வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், செக்-அவுட்டில் மாட்டிய ஃபைலின் ஓனர் யாரென்று தெரியவில்லை, நெட்வொர்க் டிரைவுக்கு அந்த லாகினால் போகவே முடியவில்லை. இவற்றில் எது வந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் நீங்களே போராட வேண்டாம். "ஃப்ளோ வேலை செய்யல சார்" என்று மட்டும் சொன்னால் அவரும் முதலிலிருந்து தொடங்குவார். ரன்னின் லிங்க், அது ஓடிய நேரம், தேடிய முழுப் பாதை, ஸ்டேட்டஸ் கோட், கனெக்‌ஷன் இருக்கும் அக்கவுண்ட், அந்த அக்கவுண்டில் பிரவுசரில் பார்த்தபோது என்ன தெரிந்தது, இந்த ஆறையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். ரன் ஹிஸ்டரி 28 நாள்தான் கண்ணில் படும். போன மாதம் 10ஆம் தேதி நடந்ததை இந்த மாதம் 11ஆம் தேதி தேடினால் அது போயிருக்கும், அதனால் தவறாக ஓடிய அன்றைக்கே அவுட்புட் பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.